நன்கொடை என்று எழுதினேன்

சுவிற்சர்லாந்தில் நான் வாழும், கன்டோன் எனப்படும் மாநிலத்தில், தேர்தற் பரப்புரைக்குப் பெருநிறுவனங்கள் வழங்கும் பணத்துக்கு வரம்பு விதிக்கும் முன்மொழிவொன்று அண்மையில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்குக் கையொப்பம் திரட்டியவர்களுள் எம்மவரான ஓர் அம்மையாரும் இருந்தார். ஓய்வுபெறும்வரை நான் பணியாற்றிய மருத்துவமனைச் சமையற்கூடத்தில் அவர் இன்றும் பணியாற்றுகிறார். குடியுரிமை பெற்றபின் அவர் செலுத்தவிருந்த முதல் வாக்கு அது. அவர் குடியிருந்த தொடர்மாடியை இடித்து விலையுயர்ந்த வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் இசைவு பெற்றிருந்தது. அதற்குக் கைதூக்கிய நகரசபை உறுப்பினர்களின் தேர்தற் சுவரொட்டிகளுக்குப் பணம் கொடுத்ததும் அதே நிறுவனம் என்பதை அவர் பின்னரே அறிந்தார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் தொடருந்து நிலைய வாயிலில், குளிரில், படிவங்களோடு நின்றார்.

ஒரு மாலை ஜெர்மன் மொழித் துண்டறிக்கையுடன் என் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, இதைத் தமிழில எழுதித் தாங்கோ. எங்கட ஆக்களிட்ட வாக்கு இருக்கு. தபாலில வாற வாக்குக் கடித உறையைத்தான் உடைக்கினமில்லை.”

“நிறுவன நன்கொடைகளை வரையறுப்போம்” என்று தலைப்பிட்டேன். அவர் உரக்க வாசித்துப் பார்த்தார்.

“கொம்பனிக்காரர் எலெக்சனுக்குக் குடுக்கிற காசு எண்டு போட்டாச் சனத்துக்குப் பட்டெண்டு விளங்குமெல்லோ?”

“அது பேச்சு வழக்கு. அச்சேறும் தமிழுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும்.”

“ஓம் ஓம். பிறகு நான் வீடு வீடா ஒரு அகராதியும் காவ வேணும்,” என்று சிரித்தார். ஆயினும் என் சொல்லை அவர் மாற்றவில்லை. காசு என்பதும் பழந்தமிழ்ச் சொல்லே என்பதை நான் அறியாதவன் அல்லன்.

வாக்குச்சீட்டுகள் அஞ்சலில் வந்து சேர்ந்த கிழமை, கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து உணவுக்கு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பலசரக்குக் கடைக்காரர் திரும்பி என் கையைப் பற்றினார். ஆண்டுதோறும் திருவிழாவில் ஒரு நாள் அவருடைய உபயம்.

“ஐயா, உங்கட துண்டறிக்கை பாத்தன். நல்ல நேரத்தில எழுதினியள். கடைக்காரர் கோயிலுக்குக் குடுக்கிற நன்கொடையிலயும் கை வைக்கப் பாக்கிறாங்கள் என்ன! வீட்டில நாலு பேரும் ‘நைன்’, வேண்டாம் எண்டு போட்டு அனுப்பியாச்சு.”

“நாங்களும்தான் அண்ணை,” என்றார் எனக்குப் பின்னால் நின்றவர். “பிறகு தேருக்கு ஆர் குடுக்கிறது, கன்டோனோ?”

வரிசை சிரித்தது. நன்கொடை என்றால் எம்மவர்க்குக் கோயில் பற்றுச்சீட்டு. நிறுவனம் என்றால் அவரவர் கடை. தேர்தல் என்ற சொல் என் தலைப்பில் இல்லை. மூன்றாம் பந்தியில், நீண்டதொரு வாக்கியத்தின் நடுவே அதை வைத்திருந்தேன்.

வாக்கெடுப்புக்கு இன்னும் மூன்று கிழமைகள் இருந்தன. அறிவித்தல் சொல்லும் ஒலிவாங்கி பத்தடி தொலைவில் இருந்தது. அதன்முன் சென்று, நான் எழுதிய தமிழ் பிழைபட்டது என்று அந்த மண்டபத்துக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “அது வேறு விடயம்,” என்று முணுமுணுத்தேன். கடைக்காரர் அதற்குள் தட்டை நீட்டியிருந்தார்.

முன்மொழிவு மிகச் சிறிய வேறுபாட்டில் தோற்றது. எம்மவரின் வாக்குகள் அதைக் காப்பாற்றியிருக்குமா என்று எவராலும் கூறவியலாது. அந்த ஐயம் என்னை உறங்கவிடுவதில்லை. கண்ணை மூடினால் என் தலைப்பு, தடித்த எழுத்துகளில், ஒற்றுப்பிழை ஒன்றுமில்லாமல் எதிரே வந்து நிற்கிறது.

முடிவு வெளியான மறுநாள் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார்.

“எங்கட சனம் ஓம் எண்டுதான் போட்டிருக்கும் ஐயா. நீங்கள் அவ்வளவு வடிவா எழுதினியள். என்னோட வேலை செய்யிற வெள்ளையள்தான் கவிட்டுப்போட்டினம். முகத்துக்கு முன்னால சிரிச்சுச் சிரிச்சுக் கையெழுத்து வைச்சவை.”

நான் மறுத்துப் பேசவில்லை. அந்தக் கிழமையே அவர் சமையற்கூடத்தில் மற்றவர்களோடு அமர்ந்து உண்ணும் மதிய உணவு மேசையை விட்டு விலகினார். கோடையில் வீட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தது.

சென்ற மாதம் பேரங்காடியில், என்னோடு முன்பு பணியாற்றிய சுவிஸ் நாட்டுச் சமையற்காரப் பெண்மணியைக் கண்டேன். நலம் விசாரித்த பின், தம் மொழியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: அந்தத் தமிழ்ப் பெண் ஏன் எங்களோடு உண்பதில்லை, நாங்கள் அவருக்கு என்ன தீங்கு செய்தோம், அவருக்காகத்தானே நானும் என் கணவரும் ஆம் என்று வாக்களித்தோம்?

தெரியாது என்றேன், பிழையற்ற ஜெர்மனில்.