மரத்துக்காக வாங்கிய கத்தி

கத்திக் கடைக்காரர் ஒன்பதாவது கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தபோது அவருடைய பொறுமை எல்லையைத் தொட்டிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பெண்மணி முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டு, ஒவ்வொரு கத்தியாக உருவி, முதுகைத் தடவி, முனையைக் கட்டையில் அழுத்தி, "இது வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"எதுக்கும்மா கத்தி? அதைச் சொன்னா நானே ஒண்ணு எடுத்துத் தரேன்."

"மரத்துல ஏறின அம்பைத் தோண்டி எடுக்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பதைத் தொடப்போகும் வயது, ஹோட்டல் சலவைக்கூடத்தின் நீலச் சட்டை, வெந்நீரில் ஊறிச் சிவந்த கை. அந்தக் கையில் வில் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் இருபத்திரண்டு வருடமாக இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு தோப்பு. அதற்குள் நடந்துகொண்டே, மரங்களுக்கு நடுவில் அங்கங்கே வைத்திருக்கும் இலக்குகளை நோக்கி எய்ய வேண்டும். தவறிய அம்பு மரத்தில் ஏறிவிட்டால் பிடித்து இழுக்கக் கூடாது. தண்டு மட்டும் கையோடு வரும், முனை உள்ளேயே தங்கிவிடும். முனையைச் சுற்றி மரத்தைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அதற்குத்தான் இடுப்பில் கத்தி.

அதிலும் எல்லாக் கத்தியும் ஆகாது. மடக்குக் கத்தி நெம்பும்போது விரல்மேலேயே மடங்கும். மெல்லிய கத்தி முனை முறியும். அவளுடைய பழைய கத்தி போன மாதம்தான் அப்படி முறிந்தது. முதுகு தடியாக இருக்க வேண்டும், கட்டையால் தட்டினால் தாங்க வேண்டும், இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஓட வேண்டும். நீளம் நாலு விரற்கடை போதும். இதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"குறி சரியா இருந்தா இவ்வளவு தடிமனான கத்தி எதுக்கும்மா?" என்று சிரித்தார் கடைக்காரர். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"எனக்கு இல்லைங்க, என் தம்பிக்கு. அவன் எய்யறதுல பாதி மரத்துக்குத்தான் போகுது" என்றாள், கொஞ்சமும் கூசாமல். தம்பி பாவம். லிப்டு ரிப்பேர் பார்க்கிற ஆள், தோப்பில் எய்கிற குழுவில் இப்போது அவனைப்போல் எய்கிறவர் யாரும் இல்லை.

உண்மையில் மரத்துக்குப் போனதெல்லாம் அவளுடைய அம்பு.

சலவைக்கூடத்தில் அவளுக்கு 'கறை அக்கா' என்று பெயர். துவைத்து வரும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை விளக்கடியில் விரித்து, கறை இருந்தால் திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். கடுகளவு காப்பிக்கறையும் தப்பாது. போன மழைக்காலத்தில் விரிப்புகளில் திடீரென்று கறை கூடியது. எதை விரித்தாலும் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. அவள் அனுப்ப, அவர்கள் துவைக்க, மறுபடி அவள் அனுப்ப. "அக்காவுக்கு வயசாக ஆகச் சுத்தம் தலைக்கேறுது" என்று எல்லாரும் கிண்டல் செய்தார்கள். மூன்று வாரம் கழித்து வீட்டுச் சுவரிலும் அதே திட்டைப் பார்த்தாள். தலையைத் திருப்பினாள், திட்டும் கூடவே வந்தது. மறுநாளே கண் டாக்டரிடம் போனாள்.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. வலது கண் போய்க்கொண்டிருக்கிறது, இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, ஓரத்துப் பார்வை நிற்கும், நடுப்பார்வை திரும்ப வராது. "தூரத்துல எதையாவது குறிவெச்சுப் பாக்கற வேலை உண்டா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றாள்.

வேலை போனால்கூட மடிப்புப் பகுதிக்கு மாறிக்கொள்ளலாம், கை பழகிய வேலை. வில்லுக்கு என்ன செய்வாள்? புருஷன் விட்டுப்போன வருடம் தம்பி கையைப் பிடித்துத் தோப்புக்குக் கூட்டிப்போனான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுக்காகத்தான் அவள் மற்ற ஆறு நாளையும் தள்ளினாள். அதையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

இதில் கொடுமை என்னவென்றால், தோப்பில் பாதுகாப்புப் பொறுப்பே அவளுடையதுதான். மாதா மாதம் இலக்குகளைச் சோதிப்பதும் அவள்தான். மூன்று வருடத்துக்கு முன் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் அம்பு பாதையோரம் சீறிக்கொண்டு போயிற்று. அவள் எல்லாரையும் நிறுத்திவைத்து, "உங்க அம்பு எங்க போச்சு, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார். சொல்ல முடியவில்லை. "போன இடம் தெரியாதவங்க எய்யக்கூடாது. நாளைக்கு யார் மேலயாவது பட்டா யார் பதில் சொல்றது?" என்று எல்லார் முன்னாலும் அவர் கையிலிருந்து வில்லை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அதுதான் தோப்பின் சட்டம். அவர் இப்போதும் ஞாயிறு தவறாமல் வருவார். அம்புகளைச் சுமப்பார், மரத்தடியில் உட்காருவார்.

அந்தச் சட்டத்தை அவள் இப்போது காதால் ஏமாற்றிக்கொண்டிருந்தாள். வைக்கோல் இலக்கில் பட்டால் 'தொப்' என்று கேட்கும், மரத்தில் பட்டால் 'டக்'. சத்தத்தைக் கேட்டு, "மரத்துல போச்சு" என்று யாரும் கேட்கும் முன் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று போய்த் தோண்டுவாள். ஆனால் முனை முறிந்த கத்தியால் தோண்ட நேரமானது. தம்பி உதவிக்கு வர ஆரம்பித்தான். "என்னக்கா, இன்னைக்கு இது அஞ்சாவது" என்றான் ஒருமுறை. அதனால்தான் நல்ல கத்தி வேண்டியிருந்தது. இரண்டே நிமிடத்தில், தம்பி எட்டிப்பார்க்கும் முன், அம்பு வெளியே வந்துவிட வேண்டும். செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியாதா? படுத்தால் தூக்கம் வரவில்லை. தபால்காரர் முகம்தான் வந்தது.

ஒன்பதாவது கத்தி சரியாக இருந்தது. முதுகு தடி, முனை அகலம், கைப்பிடி உள்ளங்கைக்கென்றே செய்தது மாதிரி. "பாக்காமலே, தடவியே கண்டுபுடிச்சிட்டீங்களே" என்றார் கடைக்காரர். அவள் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி, அவள், தபால்காரர் மூவருமாகக் கிளம்பினார்கள். முதல் ஆறு இலக்கில் அவளுடைய அம்புகள் எப்படியோ வைக்கோலிலேயே போய் விழுந்தன. ஏழாவது இலக்கு இரண்டு மரங்களுக்கு நடுவில் இருந்தது. தம்பி எய்தான். தொப். அவள் வில்லை வளைத்தாள். திட்டுக்கு ஓரத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கை தன் பழக்கத்தில் விட்டது.

டக்.

"எங்கம்மா பட்டுச்சு?" என்று தபால்காரர் கேட்டார்.

"மரத்துல. இடது பக்கம். இதோ எடுத்துட்டு வரேன்."

கேட்டதும் சொல்ல முடிந்ததே என்று அவளுக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. புதுக் கத்தியை உருவிக்கொண்டு போனாள். இடது மரத்தின் அடியில் மண்டியிட்டு, பட்டையைத் தடவினாள். மேலே தடவினாள். சுற்றி வந்து பின்பக்கம் தடவினாள். அம்பு கிடைக்கவில்லை. வலது மரத்துக்குப் போனாள். அங்கேயும் இல்லை. புதரில் கையை விட்டுத் துழாவினாள். பின்னால் தம்பியின் காலடி வந்து நின்றது.

"அக்கா."

"இருடா, இங்கதான் எங்கயோ இருக்கு."

"அக்கா, அம்பு இலக்குலதான் இருக்கு. நட்ட நடுவுல."

அவள் புதரிலிருந்து கையை எடுத்தாள். தம்பி அவள் கையைப் பிடித்து இலக்கின்மேல் வைத்தான். விரலுக்கு அம்பின் இறகு தட்டுப்பட்டது. அதைச் சுற்றி வைக்கோலே இல்லை. வருடக்கணக்காக அடிவாங்கி நடுப்பகுதி குழிந்துபோய், அம்பு நேராகப் பின்னாலிருந்த பலகையில் ஏறியிருந்தது. அதுதான் 'டக்'. மூன்று மாதமாக அந்தக் குழியைப் பார்த்து மாற்றச் சொல்லியிருக்க வேண்டியவள் அவள்தான். அதுவும் அவள் கண்ணில் படவில்லை.

"நடுவுலயா?" என்று பின்னாலிருந்து தபால்காரர் குரல் வந்தது. அவர் சந்தோஷமாகக் கை தட்டினார். "சபாஷ்மா, இதுக்குத்தான் நீ வேணும்கறது." பிறகு கை நின்றது. "அப்ப எதுக்கு மரத்துக்குப் போனே?"

அவர் கேட்டதற்கு அவரே விடை கண்டுகொண்டார்.

தம்பி அவள் காதருகே வந்து, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்கா. அவரும் சொல்ல மாட்டாரு. வா, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

"அவருக்கு நான் அப்படியா பண்ணினேன்? எல்லார் முன்னாடியும்தானே வில்லை வாங்கினேன்?"

தோப்பு முகப்பில் குழு கூடும் கூடாரத்துக்குத் திரும்பிவந்து, எல்லாரும் கூடியிருக்கும்போது, அவள் வில்லை மேசைமேல் வைத்தாள். "எனக்கு அம்பு போற இடம் தெரியறதில்லை. எட்டு மாசமா தெரியலை. தெரிஞ்சேதான் எய்தேன்" என்றாள். எல்லாரும் இருபத்திரண்டு வருடப் பழக்கமுள்ளவர்கள். ஒருவர்கூட "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாதுதானே?

வாசலில் தபால்காரர் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா, அவளால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் திட்டுதான் இருந்தது.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய் நான் மூணு நாள் சாப்பிடலம்மா," என்றார். "நீயாவது சாப்பிடு."

வீட்டுக்கு வந்ததும் தம்பி சோறு போட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்தான். இடுப்பில் அந்தக் கத்தி இன்னும் இருந்தது. அவள் வாழ்நாளில் அவ்வளவு நல்ல கத்தி வாங்கியதில்லை. அவிழ்த்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். விடிய விடிய இரண்டும் அப்படியே இருந்தன.