உஸ்தாதிடம் "போதும்" என்று சொல்லப் போனோம்

போன வெள்ளிக்கிழமை உஸ்தாதைக் கைகழுவுவதென்று முடிவு செய்தோம்!

நாங்கள் என்றால் நான், கரீம், நாராயணன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சம்பளம் வாங்குகிறோம். வேலை? ஓடுவது. (சத்தியமாக!)

எங்கள் முதலாளிக்கும் மற்ற டேனரி முதலாளிகளுக்கும் ஓட்டப்பந்தயத்தில் பெரிய போட்டி. அவர் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக ஓடுவோம்.

எங்களைப் பழக்கியவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்த பெருமாள். உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் பாலாற்று மணலில் ஓடுவோம். அவர் கரையில் சைக்கிளில் வருவார்!

குடியாத்தம் பந்தயத்தில்தான் வினை வந்தது.

"உடம்பு சூடேறணும்டா" என்று, பந்தயத்தன்று விடியற்காலையிலேயே மூன்று மைல் ஓடவிட்டார். பந்தயத்தில் கடைசி மூன்று இடமும் எங்களுக்கே!

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"வேலூர்லயும் தோத்தீங்கன்னா சுண்ணாம்புக் குழிக்குப் போய்டுங்க."

தோலிலிருந்து முடி கழல ஊறப்போடும் குழி அது. அதில் வேலை செய்பவர்களின் கைகளைத் தினமும் பார்க்கிறோம். அன்று மதியம் கரீம் பிரியாணியைத் தொடவில்லை. (இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?)

ஆகவே, "இனிமேல் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று உஸ்தாதிடம் சொல்லியாக வேண்டும். யார் சொல்வது? சீட்டுக் குலுக்கினோம். என் பெயர் வந்தது. (மூன்று சீட்டிலும் என் பெயர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது!)

மூன்று பேருமாக உஸ்தாத் வீட்டுக்குப் போனால், அவர் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உஸ்தாத், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"இரு, மொதல்ல நான் சொல்லிடறேன். நாளைலேர்ந்து நான் வர்ல."

"இன்னா உஸ்தாத் சொல்றீங்க?"

"ஒடுகத்தூர்ல ஒரு பண்ணைக்காரர் கூப்ட்டாரு. எருது விடற விழாவுக்கு அவரு காளைங்கள ஓடப் பழக்கணுமாம்."

கரீம் குறுக்கே புகுந்தான். "எங்கள வுட்டுட்டு மாட்டுக்கா போறீங்க?"

"அதுங்க எதிர்த்துப் பேசாதுடா. உங்களோட ஜாஸ்தி பேஜாரு."

விலக்கப் போன நாங்கள் "போவாதீங்க உஸ்தாத்" என்று கெஞ்சினோம்! நாராயணன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். நான் அழுதேவிட்டேன். நான்கு வருடப் பழக்கமல்லவா?

அவர் மசியவில்லை. போய்விட்டார்.

நேற்று வேலூரில் பந்தயம். காலையில் எழுப்ப ஆளில்லை, நன்றாகத் தூங்கினோம். ஆனால் ஓரத்தில் அவர் சைக்கிள் இல்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் கோட்டில் போய் நின்றேன்.

கடைசிச் சுற்றில்தான் கவனித்தேன். மூச்சு மிச்சமிருந்தது! நாராயணன் முதலில் வந்தான், நான் இரண்டாவது, கரீம் நான்காவது. குழியிலிருந்து தப்பித்தோம்!

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். உஸ்தாத்!

மூன்று பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் நீர். எங்களுக்கும்தான்.

பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா மொதலாளி? சரியான நேரத்துல வுட்டுட்டுப் போறதும் ஒரு டிரெயினிங்தான்!"

முதலாளி தலையாட்டிவிட்டு அவருக்கும் ஒரு மாலை போட்டார். எங்களுடையதைவிடப் பெரிய மாலை!

இந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது? நீங்களே சொல்லுங்கள்!