லூர்துநாதன் பொருத்திய ஆயில் கேஜ்

லூர்துநாதனுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்த விஷயம் கடலூரில் வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பிழைப்பு போய்விடும். வாடகைக் கார் ஓட்டுகிறவருக்குக் காது கேட்காது என்றால் பின் சீட்டில் யார் நிம்மதியாக உட்காருவார்கள்? இதில் வேடிக்கை என்னவென்றால், மஞ்சக்குப்பம் கார் ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் வந்ததே காதால்தான். யாருடைய வண்டியில் புதுச் சத்தம் வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லமாட்டார். பீடியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். "வாட்டர் பம்ப் பேரிங்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட காதுக்குள் 2006 வாக்கில் கடல் இரைச்சல் புகுந்தது. முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு நாள் முழுவதும் இருந்தது. டாக்டர், காது நரம்புத் தளர்ச்சி என்றார், மிஷின் வைத்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். காதில் மிஷின் மாட்டிக்கொண்டு ஸ்டாண்டில் போய் நிற்க முடியுமா? லூர்துநாதன் அந்தச் சீட்டை வேட்டி மடிப்போடு துவைக்கப் போட்டுவிட்டார். மனைவி பாத்திமா மேரிக்கு மட்டும் தெரியும். டி.வி. சத்தத்தை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

அதில் ஒரு சுகமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் உலகம் தண்ணீருக்குள் இறங்கிவிடும். எதிரே பஸ் வரும், பெரிதாகும், சத்தமில்லாமல் கடந்து போகும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் பக்கம் சாமிகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வாயை அசைத்துக்கொண்டே மிதந்து போனார்கள். மேளக்காரர் கை மட்டும் ஏறி இறங்கியது. சவுக்குத் தோப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தன. முழித்துக்கொண்டே கனவு காண்பதற்குக் கூலியும் கொடுக்கிறார்கள் என்று அவருக்குச் சில சமயம் சிரிப்பு வரும். பின்னால் வருகிற வண்டிக்காகக் கண்ணாடிகளைப் பெரியதாக மாற்றிக்கொண்டார். கண் இரண்டும் ஓயாமல் வேலை செய்தன.

எஞ்சினுக்குத்தான் கண்ணாடி கிடையாது. அவருடையது எண்பத்தேழாம் வருஷத்து டீசல் அம்பாசிடர். அந்த வயசில் ஆயில் பிரஷர் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. இறங்கினால் எஞ்சின் முதலில் சத்தத்தில்தான் சொல்லும், ஒரு மாதிரி கடகடக்கும். உடனே நிறுத்தினால் பிழைக்கும். கேட்காமல் ஓட்டிக்கொண்டே போனால் உள்ளே எல்லாம் உரசிச் சிக்கிக்கொள்ளும், அப்புறம் இரும்புக் கடைதான். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சொத்து என்று அவருக்கு இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். எஞ்சின் போனால் அவர் காதும் ஊருக்குத் தெரிந்துவிடும். லூர்துநாதனே கடகடப்பைக் கேட்காமல் ஓட்டினார் என்றால் ஸ்டாண்டில் அதற்கு வேறு என்ன அர்த்தம் சொல்வார்கள்?

ஆகவே 2008 கடைசியில் ஒரு நாள் திருப்பாதிரிப்புலியூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், ஆயில் பிரஷரை முள்ளால் காட்டுகிற ஆயில் கேஜ் ஒன்றை வாங்கினார். வட்டமான முகம், கறுப்புத் தட்டு, வெள்ளை முள். சாதாரணமாக லாரிக்காரர்கள் வாங்குவது. ஸ்டாண்டில் கேட்டவர்களிடம், "சும்மா, ஷோவுக்கு" என்றார். நம்பிவிட்டார்கள்.

அதைப் பொருத்த மெக்கானிக்கிடம் போகவில்லை. மெக்கானிக்கிடம் போனால் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேள்வி வரும். பாத்திமா மேரியின் தம்பி டேவிட் ராஜ் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பைப் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பையோடு வந்துவிட்டான்.

வேலை பெரிய வேலை இல்லை. எஞ்சின் பக்கவாட்டில் அந்தச் சிவப்பு விளக்குக்கான சுவிட்ச் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் கேஜோடு வந்த சென்சாரைத் திருக வேண்டும். சென்சாரிலிருந்து ஒரே ஒரு ஒயர் டேஷ்போர்டுக்குப் போகும். டேவிட் ராஜ் சென்சாரைக் கையில் எடுத்ததும் பையிலிருந்து வெள்ளை டேப் சுருளை எடுத்து அதன் திருகு மரைமேல் சுற்றத் தொடங்கினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று நிறுத்துகிற ஆள் இல்லை அவன். பிரசவமான பெண்ணுக்கு வயிறு கட்டுவதுபோல் கட்டினான்.

"இவ்ளோ வேணுமா மச்சான்?" என்றார் லூர்துநாதன்.

"ஒரு சொட்டு வராது மாமா. எங்க கம்பெனில நான் போட்ட ஜாயிண்ட்ல இதுவரைக்கும் கசிவுன்னு ஒருத்தன் சொன்னதில்ல" என்று அவர் முகத்துக்கு நேரே கத்திச் சொல்லிவிட்டு, பைப் ரெஞ்சை மாட்டி முழு பலத்தோடு இறுக்கினான். அக்காள் சொல்லி அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

பின்னால் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாய்க்கு அந்த டேப் நல்லது. இந்தச் சென்சாருக்கு அது எமன். ஒரு ஒயரில் வந்த கரண்டு சென்சாரின் இரும்பு உடம்பு வழியாகவே எஞ்சினுக்கு இறங்க வேண்டும். இரும்பும் இரும்பும் தொட வேண்டும். டேப் நடுவில் நின்றால் தொடாது, தொடாவிட்டால் முள் சைபரில் விழுந்துவிடும். அன்றைக்கு எங்கோ ஒரு மரை டேப்பைக் கிழித்துக்கொண்டு தொட்டிருக்கிறது. அதனால் வேலை செய்தது. கசிவில்லாத கம்பெனியின் ஃபிட்டர் செய்த கைங்கரியம் இது, வேறு யாருக்கும் இது வராது.

சாவியைத் திருப்பியதும் முள் தூக்கத்திலிருந்து எழுவதுபோல் எழுந்தது. நடுவில் போய் நின்று, லேசாக நடுங்கியது. லூர்துநாதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எஞ்சின் சத்தம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அவருக்குத் தோன்றியது.

"மாதா படத்தக்கூட நீங்க இப்பிடிப் பாத்ததில்ல" என்றாள் பாத்திமா மேரி. அது அவருக்குக் கேட்கவில்லை.

அவருடைய நிலையான சவாரி என்று ஒருவர் இருந்தார். ராமாமிர்தம், தாசில்தார் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், கடலூரில் மகன் வீட்டில் இருந்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவரைச் சிதம்பரம் மேல வீதிப் பக்கம் ஒரு பூட்டிய வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர் உள்ளே போய் ஜன்னல்களைத் திறப்பார். லூர்துநாதன் வண்டியில் தூங்குவார். ஜன்னல்களைச் சாத்தியதும் திரும்புவார்கள். அந்த ஒரு சவாரியை நம்பித்தான் வாரம் ஓடியது.

ராமாமிர்தம் பின் சீட்டில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசுவார். என்ன பேசினார் என்பது லூர்துநாதனுக்குத் தெரியாது. கண்ணாடியில் அவர் உதடு அசைவதைப் பார்ப்பார். உதடு நின்றதும் தலையாட்டுவார். உதடு நின்று புருவம் தூக்கினால், "ஆமா சார்" என்பார். அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. ராமாமிர்தம் வீட்டில் தன் மகனிடம், "அவனாட்டம் பொறுமையா கேக்கறவன் இந்த ஜில்லாவிலேயே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மார்கழி வியாழன் ஒன்றில் ஆலப்பாக்கம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பனி இன்னும் விலகவில்லை. ரோட்டோரப் புளியமரங்கள் பாதி உயரத்துக்குமேல் இல்லாமல் இருந்தன. ஒருவன் தலையில் வைக்கோலோடு பனிக்குள்ளிருந்து வந்து, பனிக்குள் போனான். கண்ணாடியில் ராமாமிர்தத்தின் உதடு அசைந்துகொண்டிருந்தது. லூர்துநாதன் கேஜைப் பார்த்தார். முள் நடுவில் இருந்தது. மறுபடி பார்த்தபோது சைபரில் கிடந்தது.

வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார், ஆயில் சரியாக இருந்தது. குனிந்து கீழே பார்த்தார், ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அப்படியானால் ஒன்று ஆயில் பம்ப் செத்திருக்க வேண்டும், இல்லை கேஜ் பொய் சொல்ல வேண்டும். சென்சாரைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் டேவிட் ராஜ் இறுக்கிய இறுக்கில் அவரிடம் இருந்த ஸ்பேனருக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்டார்ட் செய்தார். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்தார். கடல்தான் இரைந்தது. உடனே அணைத்துவிட்டார்.

ராமாமிர்தம் இறங்கிவந்து பக்கத்தில் நின்று ஏதோ கேட்டார். லூர்துநாதன் அவர் முகத்தைப் பார்த்தார். தலையாட்டிவிடலாம். பம்ப் போயிருந்து, அதோடு ஓட்டினால், புதுச்சத்திரம் போவதற்குள் வண்டி போய்விடும். சொன்னால் சவாரி போய்விடும். பனியில் ஒரு லாரி சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் போயிற்று.

"சார், எனக்குக் காது கேக்காது" என்றார். "நான் ஸ்டார்ட் பண்றேன். உள்ள யாரோ சுத்தியால அடிக்கிற மாரி சத்தம் வருதான்னு நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

ராமாமிர்தத்துக்கு முதலில் புரியவில்லை. லூர்துநாதன் உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினார். ராமாமிர்தம் திறந்த பானெட்டுக்குள் குனிந்து நின்றார். சால்வை நுனி ஃபேனில் சிக்கிவிடும் என்று லூர்துநாதனுக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் கழித்து நிமிர்ந்து, ஜன்னலுக்கு வந்து, உரக்கச் சொன்னார்.

"புதுச் சத்தம் ஒண்ணும் இல்ல. எப்பவும் இருக்கிற சத்தம்தான். இந்தச் சத்தத்துமேலதான ரெண்டு வருஷமா பேசிக்கிட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு அதே உரத்த குரலில் கேட்டார். "அப்ப நான் பேசினது?"

"சத்தமா தெரியும் சார். பேச்சாப் புரியாது."

"ஒண்ணுமே?"

"ஒண்ணும் புரியாது சார்."

ராமாமிர்தம் போய் ஓரத்து மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். லூர்துநாதன் எஞ்சினை அணைத்துவிட்டு எதிரே போய் நின்றார். வெட்கமாக இருந்தது. வண்டி பிழைத்துவிட்டது என்ற நிம்மதியைக்கூட அனுபவிக்க முடியவில்லை.

"அவ போனதுலேர்ந்து உங்கிட்டதான் பேசினேன்" என்றார் ராமாமிர்தம். ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னார். "புள்ளகிட்ட சொன்னா, அப்பா, இதையேதான் போன வாரமும் சொன்னீங்கங்கறான். நீ ஒரு தடவகூட அப்பிடிச் சொல்லல. நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

"யாரு சார் போனது?"

"என் வீட்டுக்காரி. அவ வீடு அது. வாரா வாரம் ஜன்னலத் தொறந்து வைக்கணும்னு அவளுக்கு ஒரு ஆசை."

லூர்துநாதன் அந்த வீட்டு வாசலில் எத்தனையோ வியாழக்கிழமை தூங்கியிருக்கிறார். "விக்கப் போறீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார்.

ராமாமிர்தம் இல்லை என்று தலையசைத்தார். பனிக்குள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு இங்க கை காட்டினா நிக்கும் சார். நான் நிறுத்தி ஏத்திவிடறேன். வேற நல்ல டிரைவராப் பாத்துச் சொல்லிவிடறேன்" என்றார் லூர்துநாதன். சொல்லும்போது குரல் உடைந்தது. அது அவருக்கே கேட்காததால் மறைக்கவும் தெரியவில்லை.

ராமாமிர்தம் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். பின் கதவை விட்டுவிட்டு முன் கதவைத் திறந்து, நீள சீட்டில் நகர்ந்து நகர்ந்து ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். லூர்துநாதன் தயங்கித் தயங்கி வந்து ஏறினார்.

"எந்தக் காது தேவல?"

லூர்துநாதன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"வண்டிய அப்புறமா எடுக்கலாம்" என்று சொல்லி ராமாமிர்தம் அந்தக் காதருகில் குனிந்தார். "மொதல்லேர்ந்து சொல்றேன். அவ பேரு விருத்தாம்பாள்."

அந்தப் பெயரை லூர்துநாதன் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்.