எண்ணெய் மில்லில் இரண்டு சேனல்கள்: 1965 காங்கேயம் பயணம்

1965 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, சிங்காநல்லூரிலிருந்து காங்கேயம் போய்விட்டு அன்று மாலையே திரும்பினேன். போன காரணம் இங்கிலாந்தில் ஓடும் டிவி. சிரிக்காதீர்கள். கோயமுத்தூர் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அன்றைக்கு ஒரு டிவி பெட்டி கிடைத்திருக்காது. அப்படியிருந்தும் அந்தப் பெட்டியால்தான் என் தம்பி கல்யாணம் நிற்கப் பார்த்தது.

தம்பி நாச்சிமுத்து அப்போது இங்கிலாந்தில், லங்காஷயர் பக்கம் ஒரு மில் ஊரில் நூற்பு மெஷின் பயிற்சியில் இருந்தான். மார்கழியில் வந்து இறங்குவான், தையில் கல்யாணம் என்று பேச்சு. பெண் காங்கேயம் எண்ணெய் மில்காரர் சென்னியப்பனின் மகள் கமலவேணி. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சென்னியப்பனின் பங்காளி மகன் ஊருக்கு ஒரு கடிதம் போட்டான். "நம்ம மாப்பிள்ளையை டிவியில் பார்த்தேன், அடுத்தாப்பல பீர் விளம்பரம் வந்தது" என்று. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பான், பாவம். காங்கேயத்தில் அதை எப்படிப் படித்தார்கள் தெரியுமா? மாப்பிள்ளை பீர் விளம்பரத்தில் நடிக்கிறார் என்று. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். "இந்தச் சம்பந்தம் இத்தோட இருக்கட்டுங்க" என்று தரகர் மூலம் சொல்லிவிட்டார்கள்.

அம்மா மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். அதனால் நானும் எங்கள் வீட்டுக்காரரும் கிளம்பினோம்.

காலை 6.40-க்குத் திருச்சி ரோட்டில் நின்று பஸ்ஸைப் பிடித்தோம். தூரம் ஏறத்தாழ நாற்பது மைல், டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய் அறுபது பைசா. சூலூர் 7.05. பல்லடம் 7.50, அங்கே டீக்குப் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். பல்லடம் தாண்டினால் பச்சை குறைந்துவிடும். கிளுவை வேலிகளும், வேலிக்குள் மேய்கிற மயிலைக் காளைகளும், சோளத்தட்டுப் போர்களும்தான். முன் சீட் கிடைத்தால் இடது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் அந்தப் பக்கம் கொஞ்சம் குறைவு. நாங்கள் வலது பக்கம் உட்கார்ந்து வெந்தோம்.

வழியெல்லாம் எங்கள் வீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்தேன். 1961-ல் அவரும் இதே பயிற்சிக்குப் போனவர்தான், பதினாலு மாதம். நானும் கூடப் போயிருந்தேன். அவர் பகலெல்லாம் பாக்டரியில் இருந்தார். நான் எங்களுக்கு அறை வாடகைக்கு விட்ட கிழவியின் டிவி முன்னால் இருந்தேன். அவருக்கு ஸ்பிண்டில் தெரியும், எனக்குச் சேனல் தெரியும்.

"அங்க ரெண்டு சேனலுங்க," என்றேன். "ஒண்ணு லைசென்ஸ் பணத்துல ஓடறது. பெட்டி வெச்சிருக்கறவங்க வருசா வருசம் அந்த ஊர்க் காசுல நாலு பவுன் கட்டோணும். அதுல விளம்பரமே கிடையாது. இன்னொண்ணு விளம்பரக் காசுலயே ஓடறது."

"நம்ம நாச்சிமுத்து எதுல வந்தான்?"

"விளம்பரம் வர்றதுல."

"தொலஞ்சுது," என்றார்.

கிழவியின் வீட்டில் அந்த இரண்டு சேனலும் இரண்டு மருமகள்கள் மாதிரி. ராணி பேசினாலும், பெரிய மனிதர் யாராவது செத்தாலும் முதல் சேனல்தான். அதில் செய்தி வாசிப்பவர் வாயில் வெந்நீர் வைத்துக்கொண்டு பேசுவது போலப் பேசுவார். சனிக்கிழமை குஸ்திக்கு இரண்டாவது சேனல். கிழவி கால் மேல் கால் போட்டு, சத்தம் போட்டுச் சிரித்துப் பார்ப்பது அதைத்தான். சாமி கும்பிடும் நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் போடக்கூடாது. கட்சிக்கும் மதத்துக்கும் காசு கொடுத்து விளம்பரம் செய்யவே முடியாது. சிகரெட் விளம்பரத்தை அந்த 1965 ஆகஸ்டில்தான் நிறுத்தினார்கள். பீர் வரும், விஸ்கி வராது. முக்கியமான விதி ஒன்று உண்டு. நிகழ்ச்சி வேறு, விளம்பரம் வேறு என்று பார்க்கிறவனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். எந்தக் கம்பெனியும் நிகழ்ச்சியை விலைக்கு வாங்க முடியாது.

நாச்சிமுத்து வந்தது சாயங்காலம் ஓடும் உள்ளூர்ச் செய்தி நிகழ்ச்சியில் என்று அவனே எழுதியிருந்தான். மில்லில் வேலை பழகும் இந்தியர்களிடம் குளிர் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். இவன் அரிசிச் சோறு கிடைக்காத கஷ்டத்தை இரண்டு நிமிஷம் புலம்பியிருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது.

"இத அப்படியே சொல்லீரு அம்மணி, எனக்கு வாய்ல வராது," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

காங்கேயம் 9.05. பஸ் நிறுத்தத்திலிருந்து மில் ஒரு மைல், நடந்தே போனோம். களத்தில் கொப்பரை காயப்போட்டிருந்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்து உட்கார்ந்தது போல ஊரே மணத்தது. சென்னியப்பன் வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்க, ஒக்காருங்க" என்று பாய் போடச் சொன்னார். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர் போலவே இல்லை. கொங்கு மரியாதை அப்படி. கழுத்தை அறுத்தாலும் மோர் கொடுத்துவிட்டுத்தான் அறுப்பார்கள்.

மோர் குடித்ததும் நான் ஆரம்பித்தேன். லைசென்ஸ், நாலு பவுன், விதி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அம்மணி, நீங்க படிச்சவங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். நம்மூரு கொட்டாயில இடைவேளைல ஸ்லைடு போடறானுங்களே, காசு வாங்காம எவன் மூஞ்சியவாச்சும் போடறானுங்களா?"

எங்கே இடிக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஊர் டூரிங் கொட்டகையில் இடைவேளையில் கடைக்காரர்களின் ஸ்லைடுகள் வரும். அதில் சென்னியப்பனின் எண்ணெய் மில்லும் உண்டு, மீசையோடு அவர் படமும் உண்டு. திரையில் ஒரு மூஞ்சி வந்தால் அது விற்பனைக்கு வந்த மூஞ்சி. அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு அது. நான் டிவியை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்தேன்.

"உங்க ஸ்லைடு முடிஞ்சதும் என்னுங்க மாமா வரும்?"

"பீடி ஸ்லைடு வரும்."

"அப்ப நீங்க பீடி விக்கறீங்கன்னு ஊருல யாராச்சும் சொல்லறாங்களா?"

 அவர் தொடையில் தட்டிச் சிரித்தார் பாருங்கள், களத்தில் காக்கா விரட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "அட, ஆமாங்கறேன்! இந்தப் பய எழுதுனத நம்பிப்போட்டு, ஒறம்பரை உங்கள அலைய வெச்சுப்போட்டனே!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த விளம்பரமில்லாத சேனல்ல வந்திருந்தா இன்னும் கெவுரதையா இருந்திருக்கும், பரவால்லீங்க" என்றார். தையிலேயே வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. ஊருக்குப் போனதும் அம்மாவைச் சாப்பிட வைத்துவிடலாம் என்பதுதான் முதல் நினைப்பு.

கை கழுவப் புறக்கடைக்குப் போனேன். கமலவேணி செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். பத்தொன்பது வயது, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள்.

"நங்கையா," என்றாள். புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பே கூப்பிட்டுவிட்டாள். "நீங்க சொன்னதெல்லாம் உள்ள கேட்டேனுங்க. வெளம்பரத்துல அவரு இல்லீங்க, சரி. அவரு குடிக்கறதுண்டுங்களா?"

முன்னறையில் அத்தனை நேரம் பேசினோமே, அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.  நாச்சிமுத்து புரட்டாசியில் எழுதிய கடிதம் எனக்கு மனப்பாடம். சனிக்கிழமை தோறும் மில் ஆட்களோடு போகிறேன் அக்கா, இப்போதெல்லாம் அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை, அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று எழுதியிருந்தான்.

"அங்க குளிரு ஜாஸ்தி கண்ணு," என்று ஆரம்பித்தேன். "டிவிலகூட பாரு, விஸ்கி வெளம்பரம் வராது, பீரு மட்டும்தான்..."

"நான் டிவியக் கேக்கலீங்க நங்கையா."

செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க சின்ன மாமன் திருட்டுச் சாராயம் குடிச்சுத்தான் போய்ச் சேர்ந்தாருங்க. அத்தைக்கு ஒடம்பெல்லாம் தழும்பு. அதான் கேக்கறேன்."

பொய் சொல்ல வாய் வந்தது. 'இல்லை' என்ற ஒரு வார்த்தை போதும். அம்மாவின் முகமும் கண் முன்னால் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"வாரா வாரம் குடிக்கறானாம் கண்ணு," என்றேன். "அவனே எழுதியிருக்கான்."

சரி என்று தலையாட்டினாள். அழவெல்லாம் இல்லை. எனக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் அம்மாவிடம் போனாள். பத்து நிமிஷத்தில் சென்னியப்பன் வேறு முகத்தோடு வந்தார். "புள்ள வேண்டாங்குதுங்க. அதும் மனசுக்கு விரோதமா என்னால ஆகாதுங்க," என்றார். அப்போதும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். சாப்பிட்டோம். பச்சைப்பயறுக் கடைசல், முள்ளங்கிச் சாம்பார். எங்கள் வீட்டுக்காரருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. மதியம் 2.15 பஸ்ஸில் சூலூர் வரும்வரை நானும் சொல்லவில்லை. சொன்னதும், "உனக்கென்ன பைத்தியமா?" என்று ஒரு முறை கேட்டார், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிங்காநல்லூர் 4.30.

இப்போது போகிறவர்களுக்கு: கோவையிலிருந்து காங்கேயத்துக்குக் காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், பல்லடத்தில் நெரிசல் இருந்தால் கூடுதலாக அரை மணி. பங்குனி, சித்திரையில் போகாதீர்கள், மண்டை காய்ந்துவிடும். கொப்பரைக் களம் பார்க்கக் காலை பத்து மணிக்குள் போக வேண்டும். எண்ணெய் வாங்குவதென்றால் தூக்குவாளியில் வாங்குங்கள், பிளாஸ்டிக்கில் வாசம் நிற்காது. யாருக்காவது சம்பந்தம் பேசப் போகிறீர்கள் என்றால், முன்னறையில் கேட்கப்படும் கேள்விகளுக்கு மட்டும் பதில் தயார் செய்துகொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன்.

நான் செய்தது சரி என்று எனக்கு எண்பத்தெட்டு வயதிலும் முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. அம்மா சாகும்வரை என்னை மன்னிக்கவில்லை. நாச்சிமுத்து நாலு வருஷம் என்னோடு பேசவில்லை. குடி அவனை விடவும் இல்லை, வேறு ஒருத்தி அதைச் சுமந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அது என்னை இன்றும் அறுக்கிறது.

அந்தக் கார்த்திகையில் அவனிடமிருந்து ஏர்மெயில் வந்தது. 'எந்தச் சேனலில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று காங்கேயத்துக்கே பாடம் எடுத்தாயாமே. என்னை மட்டும் ஏன் அக்கா காட்டிக் கொடுத்தாய்?' என்று கேட்டிருந்தான். பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. நாலைந்து தாள் கிழித்த பிறகு ஒரே வரிதான் எழுதினேன்.

'உன்னோடு வாழப் போகிறவள் கேட்டாள், நாச்சிமுத்து.'