எட்டு சுரங்களில் என் மனைவியின் குரல்

என் மனைவியின் கழுத்தில் இருந்த கட்டியை வெட்டி எடுக்க வேண்டும் என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் கொஞ்சம் மாறலாம் என்று டொக்டர் சிங்களத்தில் மறைக்காமல் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் பெல்மதுளைக்கு வந்தோம். இறங்கியதும்தான் கேட்டாள்.

"எனக்குக் குரல் போயிருச்சுன்னா பிள்ளைகளுக்கு யாரு பாட்டு சொல்லிக்குடுக்குறது?"

அவள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சங்கீத ஆசிரியை. நான் கல்யாண வீடியோ எடுத்து, அதற்கு இசை சேர்ப்பவன்.

"உன் பாட்டையெல்லாம் பதிஞ்சு வைப்போம்" என்றேன்.

"பதிஞ்சா அந்தப் பாட்டு மட்டும்தானே இருக்கும். நாளைக்குப் புதுசா ஒண்ணு வேணும்னா?"

அப்போதுதான் சாம்ப்ளர் நினைவுக்கு வந்தது. லெப்டொப்பில் இருந்த மென்பொருள்தான். ஒலிகளை அதில் ஏற்றி, கீபோர்டின் எந்தக் கட்டைக்கு எந்த ஒலி என்று குறித்துவிட்டால், கட்டையை அழுத்தும்போது அந்த ஒலி வரும். அதுவரை மேளத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தியிருந்தேன்.

எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் எல்லோரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனபிறகு, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு அவளை மைக்கின் முன்னால் உட்கார வைத்தேன். ஒவ்வொரு சுரத்திலும் "ஆ" என்று நீட்டிப் பாட வேண்டும். கட்டி மூச்சைத் தடுத்தது. நடுவில் தகரத்தின்மேல் மழை கொட்ட ஆரம்பித்து, அரை மணி நேரம் காத்திருந்தோம். எட்டு சுரங்களோடு அவள் களைத்துவிட்டாள்.

"போதுமா?"

"போதும். மிச்சத்த மெசின் பார்த்துக்கும்."

ஒவ்வொரு பதிவிலும் முன்னால் இருந்த மூச்சுச் சத்தத்தை வெட்டி, எட்டையும் ஏற்றினேன். ஒரு பதிவு தன் கட்டையோடு அக்கம்பக்கத்துக் கட்டைகளுக்கும் பொறுப்பு. மென்பொருள் சுருதியை ஏற்றியும் இறக்கியும் கொடுக்கும். முதலில் வாசித்தபோது தாறுமாறாக வந்தது. எந்தப் பதிவு எந்தச் சுரத்தில் பாடப்பட்டது என்று நான் சொல்லாததால், எல்லாமே ஒரே சுரம் என்று அது எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்திவிட்டு, மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினேன்.

அறைக்குள் மூன்று பேர் பாடினார்கள். மூன்று பேரும் அவள்தான். எனக்குக் கை கட்டையிலிருந்து எழவில்லை. இத்தனை வருடம் இதே வேலை செய்தும், இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானே அழுத்திப் பார்த்தாள். அவளால் பாடவே முடியாத அடிக் கட்டைகள்வரை விரல் இறங்கியது. குரல் கனத்து, ஓர் ஆணின் குரலானது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"எங்க அப்பாங்க" என்றாள்.

மாமா இறந்து ஆறு வருடம். அவர் குரலை யாரும் பதிந்து வைக்கவில்லை. அந்தக் கட்டையை நானும் அழுத்தினேன். கோயில் கூட்டத்தில் பின்னாலிருந்து அவர் கூப்பிடுவது போலவே இருந்தது. அவள் குரலுக்குள் அவர் இத்தனை நாளாக இருந்திருக்கிறார். மதியச் சோற்றையும் மறந்து இரண்டு பேரும் அந்தக் கட்டையையே மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தோம்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாட்டில் தாதி விரலை உதட்டில் வைத்து, "கதா கரன்ன எபா", பேச வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னாள். இரண்டு கிழமைக்குப் பேசக்கூடாது. வீட்டுக்கு வந்தபிறகு அவள் கொப்பியில் எழுதிக் காட்டுவாள். ஒருநாள் நான் வெளியே பீலித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து "ஆ" என்று அவள் குரல். பதறிப்போய் ஈரத்தோடு ஓடிவந்தேன். கீபோர்டின் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தாள். கொப்பியில் 'தேத்தண்ணி ஆறுது' என்று எழுதியிருந்தது.

குரல் மெதுவாகத்தான் திரும்பியது. ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு. மேல் சுரங்கள் இரண்டு எட்டவில்லை. அவள் அழுவாளோ என்று பயந்தேன். அவளோ அந்தக் குரலோடே பாடசாலைக்குப் போனாள். எட்டாத இடங்களை, லெப்டொப்போடு கொண்டுபோன கீபோர்டில் அழுத்திக் காட்டினாள். பிள்ளைகள் அதைக் கேட்டுப் பாடினார்கள்.

ஒரு மாதம் கழித்து அவளே மைக்கை எடுத்து வந்தாள்.

"இந்தக் குரலையும் ஏத்துங்க."

"பழசுக்குப் பதிலாவா?"

"இல்லங்க, பழசோட சேர்த்து."

சாம்ப்ளரில் அதற்கும் வழியிருந்தது. கட்டையை ஓங்கி அழுத்தினால் பழைய குரல், மெல்லத் தொட்டால் புதியது என்று பிரித்து வைத்தேன். பாடசாலையில் அவள் அதைச் சொல்லிக்கொடுத்ததும் பிள்ளைகள் கீபோர்டின் முன்னால் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் மெல்லத்தான் தொட்டார்கள்.