ஊருக்கு வெளியே ஒரு மாடி வீடு

பி.ஏ. சமூகவியல் படிக்கிற பெண் என்றார்கள். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கல்லூரி அட்டை. யாருக்குப் பதில் சொல்வதானாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைப்பாள். உத்திரமேரூரிலிருந்து பேராசிரியரோடு பஸ்ஸில் வந்த மாணவர்களோடு, கல்லூரிப் பாடத்துக்காக எங்கள் ஊரைக் கோலமாவால் தரையில் படமாக வரைய வந்திருந்தாள்.

கோயில் முன்னால் வரைந்தபோது எங்கள் காலனியையும் சேர்த்தாள். நிலக்காரர் அதைக் காலால் அழித்தார்.

"காலனி ஊர்ல சேராதும்மா. நீ எந்தத் தெரு?"

"நானும் எங்கூர்ல காலனிதாங்க."

மாவுப் பையோடு நேராக எங்கள் தெருவுக்கு வந்து, வீடு வீடாகப் பெயர் கேட்டுப் புதிதாக வரைந்தாள்.

சாயங்காலம் பேராசிரியரோடு நிலக்காரரும் பார்க்க வந்தார். படத்தின் நடுவில் எங்கள் வீடுகள்தான் இருந்தன.

"என் மாடி வூடு எங்கம்மா கீது?"

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஓரத்தில் ஒரு புள்ளியைக் காட்டினாள்.

"ஊருக்கு வெளிய கீதுங்க ஐயா."

எங்கள் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் வயலில் வேலை செய்கிற என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா பாத்துக்கினு கீற? அத்த அழிடா."

அவர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றும் திறக்கவில்லை, ஆனால் அழிக்காமல் நின்றேன். அவர் முகம் கறுத்தது இன்னும் எனக்கு இனிக்கிறது. அந்தப் படத்துக்குக் கல்லூரியில் எத்தனை மார்க் போட்டார்கள் என்றுதான் தெரியவில்லை.