சாகுபடி செய்பவர் என்றொரு கட்டம்

பூதலூர்ப் பக்கம் நல்ல நஞ்சையை மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய அந்தப் பொறியியல் கல்லூரியில் தர்மாம்பாளுக்கு நல்ல பெயர் கிடையாது. கடைசி வருடத்து மாணவர்கள் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு மென்பொருள் செய்து காட்ட வேண்டும் என்பது பாடத்திட்டம். செய்கிறவர்கள் யார்? அதற்கென்று தஞ்சாவூரில் கடை இருந்தது. குறுந்தகடும் பைண்டு செய்த அறிக்கையும் ஜோடியாகக் கிடைக்கும். மற்ற ஆசிரியர்கள் அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தர்மாம்பாள் அந்தத் தகட்டை எல்லார் முன்னாலும் இரண்டாக ஒடித்துக் குப்பைக்கூடையில் போடுவாள். பிள்ளைகள் அவளைக் கரித்துக்கொட்டியதில் ஆச்சரியமில்லை.

இந்தக் கோபம் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். அப்பா வைத்தியலிங்கம் வாய்வார்த்தைக் குத்தகையில் இருபது வருடம் ஒரே வயலை உழுதவர். குத்தகைதாரரைப் பதியச் சொல்லிச் சட்டம் வந்ததும் நம்பி மனுக் கொடுத்தார். அந்த வருடமே நிலத்துக்காரர் அவரை வயலைவிட்டு இறக்கிவிட்டார். உழுததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம், வீட்டுக்கு வீடு அரசாங்கத்தின் கலர் டிவி வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். நிலம் யாருக்கு என்ற தகராறு மட்டும் தீர்ந்தபாடில்லை. சம்பா அறுவடை முடிந்தால் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவியல் குவியலாக நெல் காத்துக்கிடக்கும். வரிசையை விவசாயிகள் சங்கம் ஒரு நோட்டில் எழுதி வைத்தது. செல்வாக்குள்ளவன் வந்தால் அந்த நோட்டில் வரிசை தானாகவே இடம் மாறும். அந்த வரிசையைக் கணினியில் ஏற்றும் வேலையைத்தான் அந்த வருடம் ஒரு குழுவுக்குக் கொடுத்தாள் தர்மாம்பாள். சும்மா இருந்தவருக்கு மதிப்பெண் இல்லை. மென்பொருளில் எதை மாற்றினாலும் யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று பெயரோடு பதிய வேண்டும். இந்த இரண்டிலும் அவளிடம் யாருடைய பருப்பும் வேகாது.

குழுவுக்குத் தலைவி பிரகதாம்பாள், கெட்டிக்காரி. மென்பொருளுக்கு என்னென்ன தேவை என்று கேட்டெழுதும் வேலை அவளுடையது. விவசாயி என்றால் பட்டாதாரர், பட்டா எண் கட்டாயம் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டாள். ஐந்து பேருக்கும் அதில் ஒன்றும் உறுத்தவில்லை. ஐந்து வீட்டிலும் பீரோவில் பட்டா இருந்தது.

முதல் சோதனைக்குக் கொள்முதல் நிலையத்துக்கே கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவதாக நின்றவள் எல்லையம்மாள், பதினாறு வருடமாகக் குத்தகைக்கு உழுகிறவள். பட்டா எண் இல்லாமல் அவள் பெயரைக் கணினி ஏற்கவில்லை. பட்டாதாரரை வரச் சொல்லுங்கள் என்று பிரகதாம்பாள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அவரு எதுக்கு பாப்பா வரணும்? நாத்து விட்டது நானு, நட்டது நானு, அறுத்தது நானு. ஒங்க பொட்டிக்கு மட்டும் என்னயக் கண்ணு தெரியலயா?"

பின்னால் நின்ற தர்மாம்பாளுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. அந்த முதல் பக்கத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். வைத்தியலிங்கத்தின் மகள் அதைப் படித்திருக்கிறாள், ஒன்றும் தோன்றவில்லை. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிள்ளைகளைத் திட்ட வாய் வரவில்லை. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னாள். ஆளுக்கு ஒரு ஊர். ஒவ்வொரு வயலையும் உழுகிறவர் யார் என்று நேரில் போய்க் கேட்டு வரவேண்டும்.

இரண்டு வாரம் வரப்பில் நடந்து வந்தார்கள். பாதிக்கு மேல் ஆட்களிடம் பட்டா இல்லை. பிரகதாம்பாள் தன் வீட்டு மூன்று ஏக்கரை உழுகிறவர் பெயரே தனக்குத் தெரியாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டாள். 'சாகுபடி செய்பவர்' என்று கணினிப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்தது, வரிசை அந்தப் பெயரில் ஓடியது. அச்சடித்த பட்டியலைச் சங்கத்தார் தங்கள் முத்திரையோடு நிலையத்துச் சுவரில் ஒட்டினார்கள்.

அதில் எல்லையம்மாள் பெயருக்கு எதிரே இருந்த சர்வே எண், கல்லூரித் தாளாளர் தியாகராசனின் நிலம். உழுகிறவள் பெயர் காகிதத்தில் ஏறினால் நாளைக்குக் குத்தகை உரிமை கேட்பாள் என்பது அவருக்கா தெரியாது? தேர்வுக்கு முதல் நாள் லேபுக்கே வந்துவிட்டார். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டுப் பட்டியலை வேறு அச்சடித்து ஒட்டச் சொல்லுங்கள், பசங்கள் படிப்பில் நிலத் தகராறு எதற்கு என்று தன்மையாகத்தான் தொடங்கினார். எடுக்காவிட்டால் இந்த மாதத்தோடு வேலை இல்லை என்பதையும் அதே தன்மையோடு சொன்னார். கணவனை இழந்த தர்மாம்பாளின் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

அவள் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துடலாம் சார். யாரு எடுக்கறாங்க, எதுக்குன்னு ரெண்டு வரி கேக்கும். உங்க பேரையும் காரணத்தையும் நீங்களே அடிச்சிடுங்க."

தியாகராசன் உட்காரவில்லை. பிரகதாம்பாளைப் பார்த்து, நீ செய்யம்மா என்றார்.

"எனக்குக் காரணம் தெரியாது சார்" என்று அவள் எழுந்து நின்றாள். மற்ற நான்கு பேரும் கணினியை விட்டு எழுந்தார்கள். அவர் ஐந்து முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் வெளியூர்த் தேர்வாளர் அந்தக் கட்டத்தோடுதான் பார்த்து மதிப்பெண் போட்டார். மாதக் கடைசியில் தர்மாம்பாளுக்கு வேலை போயிற்று. அழுதாள், ஒரு நாள் முழுக்க அழுதாள். கெஞ்சப் போகவில்லை.

ஆடி மாதம் எல்லையம்மாள் சுவரிலிருந்த பட்டியலின் நகலோடு தாசில்தார் அலுவலகத்தில் குத்தகைப் பதிவுக்கு மனுக் கொடுத்தாள். பட்டியல் எப்படித் தயாரானது என்று சொல்லத் தர்மாம்பாள் சாட்சிக்குப் போனாள். எதிரே தியாகராசனின் வக்கீல் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் அவள் பெயரை எழுதிக்கொண்டு, என்ன தொழில் என்று கேட்டார்.

"ஆசிரியை."

வக்கீல் குறுக்கிட்டு, இப்போது எந்தக் கல்லூரியில் என்றார்.

"எந்தக் கல்லூரியிலயும் இல்ல" என்றாள் தர்மாம்பாள். எழுத்தர் பேனாவை நிறுத்தியதைப் பார்த்து அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எழுதுங்க சார். ஆசிரியை."